வான்கோழிக்கு ஏற்ற தோட்டா

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் நான் வேலை செய்த, துப்பாக்கியும் தோட்டாவும் விற்கும் துவக்குக் கடையில் அன்று மூன்று பேர்தான்: நான், பின்னறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்கார முதலாளி, கோட்டுப் போட்ட ஒரு யாழ்ப்பாணத்து மனிதர். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். பேசும்போதெல்லாம் தன் கழுத்தைத் தடவிக்கொண்டேயிருந்தார்.

அமெரிக்காவிலிருக்கும் மச்சானுடன் வான்கோழி வேட்டைக்குப் போகிறாராம். போன வருடம் அவர் சுட்ட கோழி காயத்தோடு காட்டுக்குள் ஓடிவிட்டது. இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லை.

"மச்சானைக் கேட்டா சிரிப்பான், தம்பி. என்ரை துவக்குக்குக் குழல் கட்டை, நீளம் காணாது. பெரிய சன்னத் தோட்டா போட்டா தூரத்திலேயே விழுத்தலாமோ?"

"பெரிய சன்னம் எண்டா தோட்டாவுக்குள்ள இருக்கிற ஈயக்குண்டின்ரை எண்ணிக்கை குறைவு, அண்ணை. தூரத்தில சிதறிப்போகும், தலையில படாது. சின்னச் சன்னம் எடுங்கோ. ஆனா கிட்டப் போய்த்தான் சுடவேணும்." முதலாளி சொல்லித் தந்ததை அப்படியே ஒப்புவித்தேன்.

"கிட்டப் போனா அதின்ரை கண் எனக்குத் தெரியுமே."

"அப்ப போகாமல் விடுங்கோவன்."

"டிக்கெட் போட்டாச்சு. இந்த முறையும் காயத்தோட ஓடினா என்னால தாங்க ஏலாது." கதவடிவரை போனவர் திரும்பி நின்றார். "சின்னச் சன்னம் எண்டா உடனே செத்துப்போகும்தானே?"

அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஓம், அண்ணை," என்று தலையாட்டினேன். திரும்பி வந்து என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஒரு குருவியைக்கூடச் சுட்டதில்லை. உயிருள்ள வான்கோழியைக் கண்டதுமில்லை. என்னுடைய அந்த ஒரு 'ஓமை' நம்பித்தான் அவர் அதற்குக் கிட்டப் போயிருப்பார்.