கயிறு என்றும் ஒரு பொருள்

எபிரேய மொழியில் நம்பிக்கையைத் திக்வா என்பார்கள். அதே சொல்லுக்குக் கயிறு என்றும் பொருள் உண்டு. வேதத்தில் இரண்டே வசனங்களில்தான் அது கயிறாக வருகிறது, இரண்டும் எரிகோ பட்டணத்து ராகாபின் கதையில். ஒற்றர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றிய அந்தப் பெண், தன் வீட்டார் தப்புவதற்காகச் சன்னலில் சிவப்புக் கயிறு கட்டினாள். மற்ற இடங்களில் எல்லாம் நம்பிக்கைதான். வேர்ச்சொல்லுக்குக் காத்திருப்பது என்று அர்த்தம். முறுக்குவது, திரிப்பது என்பதே அதன் ஆதிப்பொருள் என்று சொல்வார்கள்.

இதை எங்கள் மலைக்கிராமத்து ஜெபவீட்டில் ஒரு ஞாயிறன்று சொன்னேன். போதகர் மாதம் ஒருமுறைதான் மேலே வருவார். மற்ற வாரங்களில், வேதாகமக் கல்லூரியைப் பாதியில் விட்டுப் பள்ளி ஆசிரியனாகி ஓய்வும் பெற்றுவிட்ட நான்தான் வாசிக்க வேண்டும். அன்று வந்தவர்கள் ஒன்பது பேர். இரண்டு பேர் தூங்கினார்கள், ஒருவர் இருமிக்கொண்டே இருந்தார். கவனித்துக் கேட்டவள் என் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்திதான்.

அவளுடைய மூத்த மகன் மரம் வெட்டும் வேலைக்கு என்று ஒரு தரகனோடு ஆந்திராவுக்குப் போனான். மூன்று சாமை அறுவடை முடிந்தும் ஆளும் வரவில்லை, பிணமும் வரவில்லை. அவனுக்கும் சேர்த்துத்தான் தினமும் களி கிண்ட வேண்டும். மறுநாள் காலையில் அதைக் கரைத்துக் குடிப்பது மருமகளின் வேலை. பிள்ளை இல்லாத, இருபத்து நான்கு வயதுப் பெண். நான்கு பேர் செய்கிற காட்டுவேலையை ஒருத்தியாகச் செய்தாள்.

ஜீப் ஓட்டுகிற ஒருவன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். எங்கள் ஊரில் அது குற்றமில்லை. ஊர் கூடும். மாமியார் கையை நீட்டினால், பெண் தாலிக்கயிற்றைக் கழற்றி அந்தக் கையில் வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் மாமியார் கையை நீட்ட வேண்டும். நீட்டினால் மகன் செத்தான் என்று அவளே ஒப்புக்கொண்டதாகும்.

ஊர் கூடியது. ஈரக்காற்றில் எனக்கு முழங்கால் குடைந்தது. போகாமல் இருந்திருக்கலாம். கிழவி இரண்டு கைகளையும் புடவைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எம்புள்ள வருவான். நம்பிக்கைன்னாலே கயிறுதான்னு வேதத்துல கீது. சாரே சொன்னாரு. கயித்த கழட்டிட்டா இன்னா நம்பிக்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அது உண்மையா என்று ஊர்க்கவுண்டர் கேட்டார். சொல் உண்மைதான் என்றேன். வேர்ச்சொல்லையும், கயிறு திரிப்பதையும், காத்திருப்பதையும் விளக்கினேன். நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

"நம்மூர்ல கயிறு திரிக்கிறதுன்னா பொய் சொல்றது சார்," என்றார் கவுண்டர். சிரிப்பு அடங்க நேரமானது.

சிரிக்காதவள் மருமகள் ஒருத்தி. அவள் என்னிடம் கேட்டாள்:

"அந்தப் பொம்பள கயித்த எங்க சார் கட்டினா?"

"சன்னல்லம்மா."

"யார் கழுத்துலயும் இல்லியே?"

இல்லை என்றேன். அதையும் உரக்கத்தான் சொன்னேன். ஆனால் அதற்குள் கிழவி மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகைக்கு முன்னால் இலக்கணம் எடுபடாது. அடுத்த சாமை அறுக்கும்வரை பொறுத்திருக்கட்டும் என்று கவுண்டர் தீர்த்தார்.

அறுப்புக்கு முன்பே ஜீப்காரன் கலசப்பாக்கம் பக்கத்தில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். கிழவியின் இளைய மகனுக்கும் கல்யாணமானது. வந்தவள் வாட்டசாட்டமான பெண். அந்தச் சின்ன வீட்டில் இரண்டு மருமகள்கள் ஆனார்கள், சோற்றுக்கு ஒரு வாய் கூடிப்போனது. கிழவி மூத்தவனுக்குக் களி கிண்டச் சொல்வதை நிறுத்தினாள். சாமையை அறுத்துத் தூற்றி மூட்டை கட்டும்வரை மூத்த மருமகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி மூட்டை வீட்டுக்குள் போன அன்று, ஊரையும் கூட்டாமல், வாசலில் நின்று கையை நீட்டினாள்.

"நம்பிக்க வுட்டுப்போச்சி. குட்த்துட்டுப் போ. நீ வந்த ராசிதான் அவன் போய்ட்டான்."

என் வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் கயிற்றைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பையோடு ஜீப் நிற்கிற மேட்டுக்கு வந்தாள். நெல்லிவாசல் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போகிறாளாம். அங்கே அண்ணி ஏற்கெனவே சண்டைக்காரி. நானும் கீழே போகிற யாரிடமாவது முழங்காலுக்கு மருந்து வாங்கி வரச் சொல்ல அங்கே போய் நின்றேன்.

"சார், காத்துக்கினு இருக்கறதுக்கு அந்த பாஷையில வேற வார்த்த இல்லியா?"

இருக்கிறது என்றேன். கேட்டால் எனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. இன்னொரு சொல்லும் அங்கே காத்திருப்பதற்கு வரும், ஆனால் அதன் முதற்பொருள் பிள்ளைவலியில் புரண்டு துடிப்பது என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அத எங்க அத்த கிட்ட சொல்லிடாதீங்க சார். சின்னவ பாவம்."

ஜீப் வந்தது. அதே ஜீப், ஓட்டுகிறவனும் அவனே. முன்னிருக்கையில் அவனுடைய புது மனைவி. எண்ணிப் பார்த்தேன், உள்ளே பதினான்கு பேர். முன்னால் இடம் இருக்கிறது, வந்து உட்கார் என்று அந்த மனைவி விவரம் தெரியாமல் கூப்பிட்டாள். பரவாயில்லக்கா என்று சொல்லிவிட்டு, இவள் பின்படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.