திறந்து காட்டிய பை

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இசக்கிசெல்விக்குக் கால்வலி ஓய்ந்ததே இல்லை. தாராவியிலிருந்து ஷேர் ஆட்டோவில் சயான் வருவாள். குர்லாவில் ரயில் மாறும் நெரிசலுக்குப் பயந்து, சயானிலிருந்தே ஜி.டி.பி. நகர் ஸ்டேஷன் வரை நடப்பாள். பிறகு எட்டு நாற்பத்திரண்டு பன்வேல் லோக்கலில் வாஷி வரை நின்றுகொண்டே போவாள். வாஷியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் அடிக்கும் வேலை. அப்பா பூலோகம் தோல் பட்டறையில் பை தைக்கிறார். அம்மா சொர்ணம்மாள் மாட்டுங்காவில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்கிறாள். அவர்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் இவள்தான்.

லேடீஸ் பெட்டியில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலாவதாக ஒருத்திக்கு இடம் கொடுப்பது எழுதாத சட்டம். கொஞ்சம் தள்ளு என்று கையைக் காட்டினால் போதும், முணுமுணுத்துக்கொண்டாவது மூவரும் நகர்வார்கள். நாலாவதாக உட்காருபவளின் பாதி உடம்பு சீட்டிலும் பாதி காற்றிலும் இருக்கும். அதற்கே போட்டி.

ஒரு ஜூலை மாதக் காலையில் அப்படிப்பட்ட பெட்டியில் ஒரு சீட்டில் இரண்டே பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் ஒரு ஆப்பிரிக்கப் பெண். மறுமுனையில் ஒருத்தி, விழுந்துவிடுவாள் போல விளிம்புக்கு நகர்ந்திருந்தாள். நடுவில் ஓர் ஆள் தாராளமாக உட்காரும் இடம் காலி. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இசக்கிசெல்வி போய் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். செம்பூர் வருவதற்குள் தூங்கிப்போனாள்.

மறுநாளும் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. நாலாம் நாள் அந்தப் பெண் இந்தியில் கேட்டாள்.

"உனக்குப் பயமா இல்லையா?"

"எதுக்கு?"

"இங்க யாரும் உக்கார மாட்டாங்களே. நீ நல்லவ."

கால் வலிக்கிறது, அதனால் உட்கார்ந்தேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். இசக்கிசெல்வி சொல்லவில்லை. நல்லவள் என்று ஒருத்தி சொல்லும்போது அதை மறுக்க யாருக்கு மனம் வரும்?

அவள் பெயர் ரெஹேமா. தான்சானியாக்காரி. பேலாப்பூரில் பார்மசி படித்துக்கொண்டிருந்தாள். வடாலாவில் இன்னும் இரண்டு பெண்களோடு ஓர் அறை. பதினோரு வீட்டுக்காரர்கள் முடியாது என்ற பிறகு கிடைத்த அறை அது. மூன்று வருடத்தில் அவள் பேசக் கற்றிருந்த பம்பாய் இந்தி, இசக்கிசெல்வியின் இந்தியைவிட வேகமானது.

"உங்க ஊர்ல சப்பாத்தி எல்லாம் கிடைக்குமா?" என்று ஒருநாள் இசக்கிசெல்வி கேட்டாள்.

"கிடைக்கும். எங்க மொழியில அதுக்கு என்ன பேர் தெரியுமா?"

"என்ன?"

"சப்பாத்தி."

"சும்மா சொல்லாத."

"அம்மா மேல சத்தியமா. டீக்கு என்ன பேர்னு கேளு."

"என்ன?"

"சாய்."

"அப்ப நீ பாதி பம்பாய்க்காரிதான்."

"நீங்கதான் பாதி எங்க ஊர்" என்றாள் ரெஹேமா.

இப்படியே மழைக்காலம் போயிற்று. சாப்பாட்டு டப்பாவை மாற்றிக்கொண்டார்கள். இசக்கிசெல்வியின் சாம்பாரை ரெஹேமா கேட்டு வாங்குவாள். ரெஹேமா பரீட்சைக்குப் போன நாட்களில் இசக்கிசெல்விக்கு ரயில் நீளமாகத் தெரிந்தது.

செம்பூரில் ரஞ்சனா ஏறுவாள். வங்கியில் அதிகாரி, ஐம்பது வயது, அந்தப் பெட்டிக்கே தலைவி. பிறந்தநாள் கேக் வெட்டுவது, நவராத்திரியின் ஒன்பது நாளும் எந்த நாளுக்கு எந்த நிறத்தில் உடுத்த வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பது, எல்லாம் அவள் பொறுப்பு. தானும் தமிழ் என்பதால் இசக்கிசெல்வி மேல் தனி வாஞ்சை.

"ஏய் செல்வி, பக்கத்துல உக்காந்திருக்காளே, உனக்கு அக்காவா தங்கச்சியா? ஜாடை அப்படியே இருக்கே!"

அதையே அவள் இந்தியிலும் சொல்ல, பெட்டி சிரித்தது. இசக்கிசெல்வியும் சிரித்தாள். அன்று மாலை மெடிக்கல் கடையில் நின்று, முகம் வெளுப்பதற்கான கிரீம் ஒன்று வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் இந்தியில் 'காலி', கறுப்பி, என்று கூப்பிட்டவர்களை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் ரெஹேமாவோடு தன்னைச் சேர்த்துச் சொன்னதும் கை தானாக அந்த டியூபைத் தேடிப் போயிற்று. ஏன் என்று அன்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நவராத்திரியில் மஞ்சள் நிற நாளன்று, "உன் ஃப்ரெண்டையும் இழுத்துட்டு வா, போட்டோ எடுப்பா இருக்கும்" என்றாள் ரஞ்சனா. எடுத்தார்கள். அந்தப் படத்தை இசக்கிசெல்வி தன் வாட்ஸ்அப் முகப்பில் வைத்துக்கொண்டாள். பட்டச் சான்றிதழுக்கு அடுத்து அவளுக்குக் கிடைத்த நற்சான்று அது என்று எண்ணினாள் போலிருக்கிறது.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, வண்டி கோவண்டியைத் தாண்டியதும் ரஞ்சனா கத்தினாள்.

"என் போன்! கையிலதான் இருந்தது. யாரோ எடுத்துட்டாங்க!"

யாருடைய பெயரையும் அவள் சொல்லவில்லை. ஆனால் அவள் பார்வை போன இடத்துக்கே எல்லாப் பார்வைகளும் போயின. பின்னாலிருந்து ஒரு குரல் இந்தியில் சொன்னது: "அவ பையைப் பாருங்க."

இசக்கிசெல்வி துள்ளி எழுந்தாள்.

"அக்கா, இவ அப்படிக் கிடையாது. மத்தவங்க மாதிரி இல்ல. படிக்கிற பொண்ணு. நான் கேரண்டி."

அதையே இந்தியிலும் சொன்னாள், பெட்டி முழுக்கக் கேட்கும்படி. யாரும் ரெஹேமா மேலிருந்து பார்வையை எடுக்கவில்லை. அப்போது அவள் செய்ததை, பிறகு எத்தனையோ முறை மனதுக்குள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள். ரெஹேமாவின் மடியிலிருந்த பையை எடுத்தாள். ஜிப்பை இழுத்தாள். விரித்துக் காட்டினாள்.

"இதோ, பாத்துக்கோங்க!"

டிபன் டப்பா, இரண்டு நோட்டுகள், நாப்கின் பாக்கெட். ஒரு பிளாஸ்டிக் உறையில் பாஸ்போர்ட் நகல், விசா நகல், கல்லூரிக் கடிதம். தெருவில் எந்தப் போலீஸ்காரர் எப்போது நிறுத்துவார் என்று தெரியாததால் ரெஹேமா தினமும் சுமந்த காகிதங்கள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

போன் ரஞ்சனாவின் சாப்பாட்டுப் பைக்குள், டப்பாவுக்கு அடியில் இருந்தது.

"அய்யய்யோ, என் மறதியைப் பாரு!" என்று சிரித்தாள் ரஞ்சனா. எல்லோருக்கும் கடலைச் சிக்கி கொடுத்தாள். ரெஹேமாவிடமும் ஒரு துண்டு நீட்டினாள். ரெஹேமா வாங்கவில்லை. பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டு மான்குர்ட்டில் இறங்கிவிட்டாள். அவள் இறங்க வேண்டிய பேலாப்பூர் இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது.

மறுநாளிலிருந்து அவள் அந்தப் பெட்டியில் ஏறவில்லை. அனுப்பிய செய்திகளைப் படித்தாள், பதில் போடவில்லை. காப்பாற்றத்தானே செய்தேன், இவளுக்கு என்ன கோபம் என்று முதல் இரண்டு நாட்கள் இசக்கிசெல்விக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் முழங்கால் வீங்கியிருந்ததால் சாமான் தூக்கிவர மாட்டுங்கா போனாள். அம்மா வேலை செய்யும் வீட்டுக்கார அம்மாள் ஷ்யாமளா, பாலக்காட்டுக் குடும்பம், வாசல்வரை வந்தாள்.

"இவளா உன் பொண்ணு? டிகிரி முடிச்சவளா? சமத்து. உங்கம்மா மத்தவா மாதிரி இல்லேடீம்மா. கை சுத்தம். பதினாலு வருஷமா பாத்துண்டிருக்கேனே."

சொர்ணம்மாளின் முகம் மலர்ந்தது. மத்தவா மாதிரி இல்லை. இந்த வாக்கியத்தை அம்மா எத்தனை முறை வீட்டில் வந்து பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்! அப்படியானால் அந்த மற்றவர்கள் யார்? சித்தியா? பக்கத்து வீட்டு அத்தையா? தாராவியில் மீதி இருக்கும் எல்லோருமா? ரயிலில் தன் வாயிலிருந்து வந்தது இந்த வாக்கியம்தான்.

கீழே கேட்டருகே வாட்ச்மேன் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான், தலை நிமிரவில்லை. சொர்ணம்மாள் அவன் முன்னால் நின்று தன் துணிப்பையை விரித்துக் காட்டினாள். ஒரு நொடி காத்திருந்தாள். பிறகு மூடிக்கொண்டு நடந்தாள்.

"எம்மா, அவன்தான் பாக்கவே இல்லியே. எதுக்குத் தொறந்து காட்டுத?"

"அவன் கேக்கதுக்கு முந்தி நாமளே காட்டிட்டா, அதுதாம்ட்டி மருவாதி."

"இதா மருவாதி?"

அம்மா தெருமுனைவரை நொண்டிக்கொண்டே வந்தாள். பிறகு, "பதினாலு வருசம் ஆச்சுல்லா. கை தானா போவுது" என்றாள்.

அப்பாவும் பட்டறை வாசலில் அப்படித்தான். காட்டினால் பிரச்சினை தீரும் என்று அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. கைக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கைதான் ரெஹேமாவின் மடிவரை நீண்டிருக்கிறது. தன் பையைத் திறந்து காட்டுவது ஒருத்தியின் வழக்கமாக இருக்கலாம். அடுத்தவள் பையைத் திறக்க யார் உரிமை தந்தது?

மறுநாள் அரைமணி நேரம் முன்னதாகப் புறப்பட்டு, எதிர்த்திசையில் போகும் வண்டியைப் பிடித்து வடாலாவில் இறங்கினாள். பிளாட்பாரத்தின் கடைசியில் ரெஹேமா நின்றிருந்தாள்.

"நான் திறந்திருக்கக் கூடாது" என்றாள் இசக்கிசெல்வி. "கேக்காமத் திறந்தேன். கேட்டிருந்தாலும் தப்புதான்."

ரெஹேமா தண்டவாளத்தைப் பார்த்தபடி பேசினாள்.

"போலீஸ் திறப்பாங்க. கடையில திறப்பாங்க. எனக்குப் பழக்கம். அந்தப் பெட்டியில ஒருத்திக்காவது என் பைக்குள்ள என்ன இருக்குன்னு பாக்க வேண்டியதில்லைன்னு நினைச்சிருந்தேன். அப்புறம், மத்தவங்க மாதிரி இல்லைன்னே. என் ரூம்ல இருக்கிற ரெண்டு பேரும் அந்த மத்தவங்கதான்."

"தெரியுது. இன்னொண்ணும் சொல்லணும். முதல் நாள் உன் பக்கத்துல உக்காந்தது நல்ல மனசால இல்ல. கால் வலிச்சுது. இடம் காலியா இருந்துது."

முதல்முறையாக ரெஹேமா திரும்பினாள்.

"அது எனக்குத் தெரியாதா? பத்து நிமிஷத்துல என் தோள்ல எச்சில் ஒழுகத் தூங்கினவதானே நீ."

சிரிப்பாள் என்று இசக்கிசெல்வி எதிர்பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. வண்டி வந்தது. ஒரே பெட்டியில் ஏறினார்கள்.

செம்பூரில் ரஞ்சனா ஏறியதும் இசக்கிசெல்வி எழுந்து போனாள்.

"அக்கா, அன்னிக்கு அவ பையைத் திறந்தது நான். மத்தவங்க மாதிரி இல்லைன்னு சொன்னதும் தப்பு. மன்னிப்புக் கேட்டுட்டேன். நீங்களும் ஒரு வார்த்தை கேக்கணும்."

"நான் என்னடி பண்ணேன்? அவ பேரையே எடுக்கலையே!"

"எடுக்கல. பாத்தீங்க."

"ஓஹோ! ரெண்டு எழுத்துப் படிச்சதும் எனக்கே பாடமா? யாரோ ஒருத்திக்காக நம்ம ஆளுங்ககிட்ட சண்டைக்கு வர்றியா?"

"யாரோ ஒருத்தி இல்லக்கா."

ரஞ்சனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாலைக்குள் இசக்கிசெல்வி வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கப்பட்டாள். மஞ்சள் நிறப் படத்தை அவளே முகப்பிலிருந்து எடுத்தாள். அந்தக் கூட்டத்தில் யாரும் அதன்பின் அவளுக்கு நாலாவது இடம் தரவில்லை.

ரெஹேமாவும் நன்றி சொல்லவில்லை. "மறுபடியும் என்னைக் கேக்காமப் பேசிட்டே" என்றாள்.

"இது உனக்காக இல்ல. மத்தவங்க மாதிரி இல்லைன்னு சொன்னது நான். அதைத் திரும்ப எடுக்கணும்னு தோணிச்சு."

ரெஹேமா தன் பையின் ஜிப் மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

அதன் பிறகு பல வாரங்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் போனார்கள். கல்லூரி, வெயில், ரயில் தாமதம் என்று பேச்சும் இருந்தது. ஆனால் ரெஹேமா தன் பையை இரண்டு கைகளாலும் வயிற்றோடு அணைத்தே வைத்திருந்தாள். நிற்பவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் வாங்கி வைத்துக்கொள்வது அந்தப் பெட்டிகளின் வழக்கம். முன்பின் தெரியாதவர்கள்கூடக் கொடுப்பார்கள். ஒருநாள் ரெஹேமா நிற்க, இசக்கிசெல்விக்கு இடம் கிடைத்தது. கை நீட்டலாமா என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டாள். பத்துக் கிலோ இருக்கும் அந்தப் பையோடு, வாஷிக்குப் பிறகும் இடம் கிடைக்காமல், பேலாப்பூர்வரை ரெஹேமா நின்றாள் என்று மறுநாள்தான் தெரிந்தது.

ஏப்ரலில் ஒரு காலை. முந்தைய வண்டி ரத்தானதால் மூச்சு முட்டும் கூட்டம். வடாலாவில் ஏறியும் ரெஹேமாவுக்கு இடம் கிடைக்கவில்லை. ஜி.டி.பி. நகரில் யாரோ இறங்கியதில் இசக்கிசெல்விக்கு நாலாவது இடம் அகப்பட்டது. அவள் எதுவும் கேட்கவில்லை. சுனாபட்டி போயிற்று, குர்லா போயிற்று. திலக் நகரில் கூட்டம் ஒரு உலுக்கு உலுக்கியது. ரெஹேமா கம்பியை எட்டிப் பிடித்தாள். மறு கையால் பையைத் தோளிலிருந்து கழற்றினாள்.

"பிடி" என்றாள்.

பை இசக்கிசெல்வியின் மடியில் கனமாக இறங்கியது. ஜிப் பாதி திறந்திருந்தது, உள்ளே பிளாஸ்டிக் உறையின் முனை தெரிந்தது. மூடிவிட அவள் கை போயிற்று. பாதி வழியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள்.

"ஜிப்பை மூடட்டுமா?"

கூட்டத்துக்கு நடுவிலிருந்து ரெஹேமா குனிந்து பார்த்தாள்.

"மூடு" என்றாள். "உள்ள சாம்பார் இருக்கு."