வினிகர் தின்ற வெள்ளை நாய்

செத்துப்போன குழந்தையின் குழியைத் தோண்டி, அதன் பக்கத்தில் வைத்திருந்த விளையாட்டுச் சாமானை எடுத்து வந்து உங்கள் வரவேற்பறையில் வைப்பீர்களா? "சீ" என்று முகம் சுளிக்கிறீர்கள். நல்லது. அப்படியானால், போன பிப்ரவரியில் ஒரு ஏல நிறுவனம் வழுவழுப்பான தாளில் அச்சிட்டு அனுப்பிய பட்டியலைக் கொஞ்சம் படியுங்கள்:

"கிரேக்க மதுக் குடுவை, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு. தவழும் குழந்தையும் வெள்ளை நாயும் தீட்டப்பட்டது. உள்ளம் கவரும் சிறு படைப்பு. தேர்ந்த சேகரிப்பாளர்களுக்கு அரிய வாய்ப்பு. 1950களிலிருந்து ஓர் ஐரோப்பியக் குடும்பத்தின் உடைமை. நாயின் பின்பாதியில் வெள்ளை வண்ணம் காலத்தால் தேய்ந்துள்ளது."

கடைசி இரண்டு வாக்கியங்களும் பச்சைப் பொய். அதை நிரூபித்தவள் பேராசிரியை அல்ல. ஏதென்ஸுக்குக் கிழக்கே, திராட்சைச் சமவெளியில் இருக்கும் எங்கள் ஊரில் கொடி கவாத்து செய்யும் லம்ப்ரினி. வயது அறுபத்திரண்டு. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள்.

நான் அந்த ஊரில் முப்பது வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். எந்த அரசாங்கப் படிவம் வந்தாலும் நிரப்பித் தரச்சொல்லி என்னிடம்தான் வருவார்கள். அன்று லம்ப்ரினி திராட்சை மானியப் படிவத்தோடு வந்தாள். மேஜையில் அந்தப் பட்டியல் திறந்து கிடந்தது. எங்கள் மண்ணிலிருந்து திருட்டுப் போனது எது எங்கே விலைக்கு வருகிறதென்று பார்ப்பது எனக்கு வழக்கம்.

படத்தைப் பார்த்ததும் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வாத்தியாரே, இந்த நாயை எனக்குத் தெரியும்."

"எந்த நாயை?"

"இதைத்தான். பின்பாதியைத் தின்னது காலம் இல்ல. என் வினிகர்."

1987ஆம் வருஷம். மழை விட்ட ஒரு காலை. அவளுடைய அண்ணன் கோஸ்மாஸ், ஊரில் பலரையும் போல, குளிர்காலத்தில் நீண்ட இரும்புக் கம்பியோடு தோட்டம் தோட்டமாகப் போய் மண்ணைக் குத்திப் பார்ப்பவன். கல் தட்டினால் கல்லறை. அன்று சொந்தத் தோட்டத்து வரப்பிலேயே தட்டியது. பலகைக் கல்லைப் புரட்டினான். கூடை பிடித்து நின்றவள் லம்ப்ரினி.

உள்ளே ஒரு குழந்தை. குருவி எலும்பு போல எலும்பு. தாடையில் இரண்டு பால் பற்கள். பக்கத்தில் கையகலக் குடுவை.

குடுவை செய்த அந்தப் பழங்காலத்தில் ஏதென்ஸில், மூன்று வயதுப் பிள்ளைக்கு வசந்த விழாவில் குட்டிக் குடுவை கொடுப்பார்கள். பிள்ளை பிழைத்துவிட்டது, இனி அது எங்களில் ஒருவர் என்று அர்த்தம். அந்த விழாவைப் பார்க்காமல் போன பிள்ளைக்கு, பெற்றவர்கள் குடுவையைக் குழிக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். இதுதான் பட்டியல்காரர்கள் சொல்லும் "உள்ளம் கவரும் சிறு படைப்பு".

கோஸ்மாஸ் எலும்புகளை மண்வாரியில் அள்ளி ஓடையில் வீசினான். சுண்ணாம்பு அப்பிக் கிடந்த குடுவையைத் தங்கையிடம் கொடுத்தான். "மதியத்துக்குள்ள பளபளன்னு ஆக்கு. வாங்கற ஆளு வர்றான்."

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். காபிக் குவளையின் அடியில் சுண்ணாம்பு படிந்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் வீட்டுப் பீப்பாயிலிருந்து திராட்சை வினிகர் ஊற்றி ஊறவைப்பார்கள். அவளும் நீளவாக்கில் வெட்டிய எண்ணெய்த் தகரத்தில் குடுவையைப் படுக்கவைத்து வினிகர் ஊற்றினாள். பீப்பாயில் மிச்சம் கொஞ்சம்தான். குடுவை பாதிதான் முங்கியது. ஆடுகளுக்குத் தீனி வைத்துவிட்டு வந்து பார்த்தால், சுண்ணாம்பு கரைந்ததோடு வெள்ளை வண்ணமும் பெயர்ந்து மிதந்தது.

"நாயைத் தின்னுட்டியேடி, பாவி!" என்று கோஸ்மாஸ் கன்னத்தில் அறைந்தானாம்.

நான் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் படத்தின் மேல் வைத்தேன். குடுவையின் வாயிலிருந்து அடிவரை ஒரு நேர்க்கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நாயின் தலையும் முன்கால்களும் வெள்ளை வெளேரென்று இருந்தன. அந்தப் பக்கம் வெறும் நிழல். இரண்டாயிரத்து நானூறு வருஷம் மண்ணில் கிடந்த பொருள் திட்டுத்திட்டாகத் தேயும். அளவுகோல் வைத்துத் தேயாது. அது திரவ மட்டம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். பெரிய பெரிய நிபுணர்கள் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் "காலம்" என்று எழுதியிருக்கிறார்கள். அறியாமையா? கூலிக்கு மூடிய கண்.

ஏலத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அரசுத் தொல்லியல் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். "கையெழுத்திட்ட வாக்குமூலம் வேணும். எங்க, எப்ப, யார் தோண்டினது, மூணும் இருக்கணும்" என்றார்கள். சிறைக்கு அனுப்பும் காலக்கெடு எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் "யார்" என்ற இடத்தில் கோஸ்மாஸின் பெயரை எழுதவேண்டும். கோஸ்மாஸ் இன்று கோயில் கமிட்டியில் இருப்பவர். ஞாயிறுதோறும் காணிக்கைத் தட்டோடு வலம்வருபவர்.

"முதல்ல அவர்கிட்ட சொல்லிடறேன். முதுகுல குத்தினேன்னு இருக்கக்கூடாது" என்று லம்ப்ரினி காபிக் கடைக்குப் போனாள். ஆம்பிளைகள் பகடை உருட்டும் இடம். நானும் கூடப் போனேன்.

கோஸ்மாஸ் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன் கல்யாணக் கட்டில் எதுல வந்துச்சு தெரியுமாடி? அந்தக் குடுவையிலதான்."

"தெரியும் அண்ணே. இத்தனை வருஷமா அதுலதானே படுத்துக்கிட்டிருக்கேன்."

"ஊர்ல கம்பி எடுக்காத வீடு எது? இந்தா, இந்தக் கடைக்காரன் மித்சோஸைக் கேளு."

"என்னை ஏன்ப்பா இழுக்கறே? எனக்குக் கிடைச்சதெல்லாம் தண்ணிக் குழாய்தான். முனிசிபாலிட்டிக்காரன் அபராதம் போட்டான்" என்றார் மித்சோஸ். கடையே சிரித்தது. லம்ப்ரினி சிரிக்கவில்லை.

"அம்மாவைப் புதைச்ச மூணாம் வருஷம், ஊர் வழக்கப்படி குழியைத் திறந்து எடுத்தோமே அண்ணே. எலும்பை மதுவுல கழுவிப் பெட்டியில வச்சோம். மண்டையோட்டை முத்தம் குடுத்து அழுதது நீதான். அந்தப் பிள்ளையை மட்டும் ஏன் ஓடையில போட்டே?"

"அது ஞானஸ்நானம் வாங்காத எலும்புடி!"

"பல்லு முளைச்சிருந்துச்சே அண்ணே. முளைக்கறப்போ அதுவும் ராத்திரியெல்லாம் அழுதிருக்கும். அதோட அம்மாவும் முழிச்சிருந்திருப்பா."

கோஸ்மாஸ் பகடையை எடுத்துச் சுவரில் அடித்தார். "கையெழுத்துப் போட்டுடு. அப்புறம் என் வாசல்ல கால் வைக்காதே."

எனக்குக் கடவுளும் கிடையாது, மோட்சமும் கிடையாது. எலும்பைக் கழுவினால் ஆன்மா வெளுக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் தன் வீட்டுப் பிணத்துக்கு மரியாதையும் அடுத்தவன் பிணத்துக்கு மண்வாரியும் என்று பிரித்துவைக்கிற பக்தியைவிட அசிங்கமான ஒன்றை நான் கண்டதில்லை. குழியிலிருந்து எடுத்ததை விலைக்கு வாங்கி, விளக்கு போட்டு, "ரசனை" என்று பெயர்வைக்கிற கூட்டம் அதைவிடக் கேவலம். கோஸ்மாஸுக்காவது வறுமை ஒரு சாக்கு. வாங்குகிறவனுக்கு என்ன சாக்கு? அவன் கேட்டதால்தானே கம்பி மண்ணில் இறங்கியது!

மறுநாள் காலை வாக்குமூலத்தோடு குடிமக்கள் சேவை மையத்துக்குப் போனோம். எங்கள் நாட்டில் அங்கே முத்திரை விழாத கையெழுத்துக்கு மதிப்பில்லை. சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், தாளைப் படிக்காமலே முத்திரையை மையில் ஒற்றினாள்.

"என்ன விஷயம் அத்தை, மானியமா?"

"இல்லம்மா. திருட்டு."

"அய்யோ, யார் திருடினது?"

"நானும் எங்க அண்ணனும்."

முத்திரை அந்தரத்தில் நின்றது. லம்ப்ரினி சன்னலுக்குள் கையை நீட்டித் தாளைத் தட்டினாள். "குத்தும்மா. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

தொல்லியல் அலுவலகம் அனுப்பிய வாக்குமூலத்துக்கு, ஏலத்துக்கு இரண்டு நாள் முன்பு ஏல நிறுவனத்திடமிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது. பொருள் விற்பனையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. விற்க ஒப்படைத்தவரிடமே திருப்பித் தரப்பட்டது. பெயர் இல்லை. ஊர் இல்லை. வருத்தம்கூட இல்லை. திருட்டுப் பொருள் என்று கையெழுத்தோடு சொன்ன பிறகும், திருட்டுப் பொருளை வைத்திருந்தவனிடமே பத்திரமாகக் கொடுத்திருக்கிறார்கள்!

கோஸ்மாஸ் சொன்னபடியே செய்தார். ஈஸ்டருக்குத் தங்கையைக் கூப்பிடவில்லை. அவர் மனைவி லம்ப்ரினியைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள். "அது இருக்கட்டும் வாத்தியாரே. குடுவை இப்ப யார் கையில இருக்கு?" என்று வாரம் தவறாமல் கேட்கிறாள் லம்ப்ரினி. நான் அடுத்த பட்டியலைப் புரட்டுகிறேன்.

அந்தக் குடுவை உங்களில் யாரிடமாவது வரலாம். அது வேறொரு நகரத்தில், வேறொரு பட்டியலில், புதுக் கதையோடு கட்டாயம் வரும். நாயின் பின்பாதிக்கு யாராவது புதிதாக வெள்ளை பூசியும் இருப்பார்கள். அயல்நாட்டு அருங்காட்சியகத்திலோ, கடையிலோ, நண்பர் வீட்டு அலமாரியிலோ, தவழும் குழந்தை தீட்டிய கையகலக் குடுவை ஒன்றைக் கண்டால், ரசித்துவிட்டு நகராதீர்கள். எந்தக் குழியிலிருந்து எடுத்தது, எந்த வருஷம், யார் தோண்டியது என்று வைத்திருப்பவரைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தர மறுத்தால் அங்கேயே ஒரு படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து, அன்றைக்கே கிரேக்கத் தூதரகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.