வெர்லீன் தன் அம்மாவைப் பாடி அனுப்பியது

வெர்லீன் டகிளின் இசைத்தட்டுகளில் ஒன்றே ஒன்றுதான் நன்றாக விற்றது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில், அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் அது ஒலிக்காத முடிதிருத்தும் கடையே இல்லை. எங்கள் ஆலயச் சபையார் மட்டும் அதைக் கேட்டதே இல்லை என்று சாதிப்பார்கள். போதகருக்கு உதவியாக ஆராதனை நடத்தும் டீக்கனான நானும் தலையாட்டுவேன். அந்தத் தட்டு ஒன்று என் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் இருந்தது.

வெர்லீன் பதினெட்டு வயதுவரை எங்கள் பாடகர் குழுவில் நின்றவள். பிறகு, தேவனைப் பாடிய அதே குரலில் காதலனைப் பாடப் போனாள். அந்தக் காதல் பாட்டுகளைச் சோல் இசை என்றார்கள். ஐந்து வருஷம் பஸ்ஸில் ஊர் ஊராக அலைந்தாள். அடுத்த தட்டுகள் விலைபோகவில்லை. திரும்பி வந்து ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் மதுக்கடையில் பாடினாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் அவள் அம்மா ஒடெஸா இறந்தார். தன் அடக்கத்தில் மகள்தான் பாட வேண்டும் என்று வாக்கு வாங்கியிருந்தார். காதல், கேளிக்கை என்று உலகப் பாட்டுப் பாடியவர்கள் சபைமுன் நின்று மன்னிப்புக் கேட்காமல் ஆலயத்தில் பாடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். போதகர் கிரச்சர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"குடிச்சதுக்குக் கேக்குறேன் ஐயா. அம்மாவைத் தனியா விட்டதுக்கும் கேக்குறேன். பாடுனதுக்குக் கேக்க மாட்டேன்."

"அப்ப பேசாம பெஞ்சில உக்காரும்மா."

"அம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"நான் குடுக்கலையே!"

அவர் பேச்சு எப்போதும் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான்.

எங்கள் பழைய கீர்த்தனைகளுக்குப் புத்தகம் கிடையாது. டீக்கன் ஓர் அடியைச் சொல்ல, சபை முழுவதும் அதை இழுத்துப் பாடும். அதில் சேர யாருடைய அனுமதியும் வேண்டாம். அடக்க ஆராதனையில் நான் முதல் அடியைச் சொன்னேன். எல்லோரும் பாடினார்கள். பெஞ்சில் இருந்தபடி வெர்லீனும் பாடினாள்.

இரண்டாம் அடியில், சபையின் மூத்த பெண்களில் ஒருவரான சிஸ்டர் ஜெனீவா வெர்லீனைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அவர் வரிசையே அடங்கியது. மூன்றாம் அடியில் பாடகர் குழுவும் நிறுத்திவிட்டது. வெர்லீன் கண்களை மூடியிருந்தாள். அவள் குரல் மட்டும் கேட்டது. போதும் என்று போதகர் எனக்குச் சைகை காட்டினார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். நான்காம் அடியைச் சொன்னேன். அவள் கடைசிவரை பாடி முடித்தாள்.

புதன்கிழமைச் சபைக் கூட்டத்தில் போதகர் கொதித்தார்.

"அந்தப் பொண்ணைத் தனியாப் பாட விட்டது யாரு?"

"தனியாவா? நாங்க எல்லாரும்தானே பாடுனோம்!" என்றார் ஜெனீவா.

"ஆமென்" என்றது சபை.

போதகர் என் பக்கம் திரும்பினார். "டீக்கன், நீங்க சொல்லுங்க. உங்களுக்கு எத்தனை குரல் கேட்டுது?"

"எல்லார் குரலும் கேட்டுது ஐயா" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.