அத்தை கல்யாணத்தை மறித்த நட்டு

விக்கிரவாண்டி தாண்டி என் கார் பஞ்சர். சக்கரத்தில் மூலை மழுங்கிய நட்டு ஒன்றின் மேல் ஸ்பேனர் கிறீச்சென்று வழுக்கியது. எண்பதுகளில் கேட்ட அதே சத்தம்.

அன்று மயிலத்தில் அத்தைக்குக் கல்யாணம். "பொண்ணு போற வண்டி" என்று திண்டிவனத்திலேயே என் பெரியப்பாக்கள் பாசத்தைக் காட்டி ஆளாளுக்கு நட்டை முறுக்கியிருந்தார்கள். பாதிவழியில் பஞ்சர். நட்டு வட்டமாகி, ஸ்பேனர் வழுக்கியது.

பெண்ணை அழைக்க வந்திருந்த மாப்பிள்ளையின் மாமா உதட்டைப் பிதுக்கினார். "சகுனம் சரியில்ல. கல்யாணத்த இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

வீட்டு டிராக்டரோடு மல்லுக்கட்டி வளர்ந்த அத்தை, பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். நட்டைவிட ஓர் அளவு சின்ன பாக்ஸ் ஸ்பேனரை அதன் மேல் வைத்துச் சுத்தியலால் அறைந்து ஏற்றினாள். கைப்பிடி மேல் ஏறிக் குதித்தாள். தலையிலிருந்த மல்லிகை ரோட்டில் சிதறியது. நட்டு அசைந்தது. கழற்றி மாமாவிடம் நீட்டினாள்.

"இந்தாங்க மாமா, உங்க சகுனம் கழண்டுட்ச்சி. பாக்கெட்ல போட்டுக்கினு ஜல்தியா ஏறுங்க!"

மாமா ஏறினார். தாலியும் ஏறியது.

இப்போது போனில் மெக்கானிக், "உங்களால ஆவாது சார், வண்டிய இழுத்துக்கினு வந்துடலாம்" என்றார். போனை வைத்தேன். டிக்கியிலிருந்த சின்ன ஸ்பேனரை அறைந்து ஏற்றி, கைப்பிடி மேல் குதித்தேன். செருப்பு பிய்ந்தது.

வெறுங்காலோடு மறுபடி ஏறினேன்.