படங்கு கட்டாத அம்மா

ஷாமலாவின் முதல் ஓவியக் கண்காட்சிக்கு மடுல்கெல்லையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார் அவளுடைய அம்மா பியட்றிஸ். கோயில் பூசைக்கு மட்டும் கட்டும் நீலச் சேலை. மகள் தன்னைப் பெரிதாக வரைந்து கண்டி டவுனில் மாட்டியிருக்கிறாள் என்று வழியெல்லாம் பக்கத்து சீட்டுக்காரிகளிடம் சொல்லிக்கொண்டே வந்தாராம்.

ஷாமலா எட்டு வருடம் மொடலாக இருந்தவள். சேலைக் கடைக் கலண்டர்களில் மணப்பெண்ணாக நின்றாள். ஒருமுறை தேயிலை விளம்பரத்துக்குக் கொழுந்துக்காரியாகவும் நின்றாள். அழைப்புகள் குறைந்தபோது தூரிகையைப் பிடித்தாள். இனி யாரும் என்னைப் பார்க்க வேண்டாம், நான் பார்க்கிறேன் என்று ஒரு பேட்டியில் சொன்னாள். அது அவளுக்கே பிடித்துப்போய், போகிற இடமெல்லாம் சொன்னாள்.

நடுச்சுவரில் ஆளுயரப் படம். கூடையோடு கொழுந்தெடுக்கும் பெண். கீழே 'என் அம்மா' என்று அட்டை.

பியட்றிஸ் வெகுநேரம் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"ஏன் புள்ள, படங்கு எங்க?"

கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் சேலைக்கு மேல் இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த சாக்குதான் படங்கு. அதில்லாமல் மலையில் இறங்கினால் செடி குத்திக் கிழிக்கும், பனி தொடைவரை நனைக்கும். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த ஷாமலாவுக்கு இது தெரியாதா? அந்தத் தேயிலை விளம்பரத்தன்று, சேலை மறைகிறது என்று அவளுடைய படங்கை அவிழ்க்கச் சொன்னார்கள். அந்தப் புகைப்படத்தைப் பார்த்துத்தான் இதை வரைந்தாள். முகத்தில் கொஞ்சம் சுருக்கம் சேர்த்தாள், அவ்வளவே. அம்மாவை உட்காரவைத்து வரைய ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட மடுல்கெல்லைக்குப் போகவில்லை.

மறந்துவிட்டதாக முணுமுணுத்தாள்.

அதற்குள் மண்டபத்தை நடத்தும் தனுஜா, ஒரு பத்திரிகைக்காரரோடு வந்து, அம்மாவைப் படத்தருகே நிற்கச் சொன்னாள். பியட்றிஸ் முடியை ஒதுக்கிக்கொண்டு நின்றார். உரித்து வைத்த மாதிரி இருக்கிறது என்றார் பத்திரிகைக்காரர். பியட்றிஸ் வெட்கத்தோடு சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் ஷாமலாவால் தாங்க முடியவில்லை.

"அது அம்மா இல்ல," என்றாள். "நான்தான். என்னோட பழைய போட்டோவப் பாத்து வரைஞ்சேன்."

தனுஜா அட்டையைப் பார்த்தாள். பியட்றிஸ் இரண்டடி விலகினார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நீ நில்லு," என்று மகளின் கைப்பைக்குக் கையை நீட்டினார். "நா பேக்க புடிச்சிக்கிறேன்."

ஷாமலா போய் நின்றாள். கெமரா உயர்ந்தது. யாரும் சொல்லாமலே அவளுடைய தாடை ஒரு பக்கம் திரும்பி, இடுப்பு லேசாக வளைந்தது.