மல்லேஸ்வரத்தில் ஒரு நீர்மூழ்கி வேட்டை

ஞாயிறு காலை ஏழே முக்கால். தூத்துக்குடி ரயில் என்னைப் பெங்களூரில் இறக்கிவிட்டது. தோள்பையில் ஒரு மாற்றுச் சட்டை, நான் எழுதிய கட்டுரை வந்த சிற்றிதழ் ஒன்று. ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. மல்லேஸ்வரத்தில் அன்று பேசவிருந்த காயத்ரி என்ற பெண்ணைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்திருந்தேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி குமாஸ்தா நான். இருபது வருஷமாக நீர்மூழ்கிகளைப் பற்றியும் கடற்போர்களைப் பற்றியும் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் எல்லாரும் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள். இந்தப் பெண்ணுக்கோ வைட்ஃபீல்டில் ஐ.டி. வேலை. கடல் வாடையே வராத ஊரில் உட்கார்ந்துகொண்டு அதே சங்கதிகளைப் பேசிப் பதிவு போடுகிறாள், ஜனம் மொய்க்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. ராத்தூக்கம் போயிற்று. என்னிடமிருந்துதான் திருடுகிறாள் என்று முடிவுகட்டினேன். அவளைச் சிக்கவைக்கவே போன வருஷக் கட்டுரையில் ஒரு பொய்யைச் செருகினேன். எதிரிக் கப்பல் தலைக்கு மேல் நிற்கும்போது நீர்மூழ்கிக்குள் கடுகு தாளிக்கக் கூடாது என்று போர்க்காலத்தில் உத்தரவு இருந்ததாம்! அந்த உத்தரவு பிறந்தது எங்கள் வீட்டு அடுப்படியில்.

கிளம்பும்போது என் மனைவி செல்வி கேட்டாள்: "அந்தப் பிள்ள உங்கள என்னதாங்க செஞ்சுது?"

"திருட்டுக் கழுத. பிடிச்சுட்டு வாரேன்."

எட்டரை மணி. மெஜஸ்டிக்கிலிருந்து சம்பிகே ரோடுக்கு மெட்ரோ, பத்து ரூபாய். அங்கிருந்து பதினைந்தாவது கிராஸ் இரண்டு கிலோமீட்டர்கூட இராது, ஆட்டோ டிரைவர் முருகேஷ் எண்பது கேட்டார். தமிழர்.

"அங்க என்ன சார் விசேஷம்?"

"நீர்மூழ்கிக் கப்பல் பத்தி ஒரு பேச்சு."

"ஓ, காயத்ரி மேடமா! சவாரி இல்லன்னா நம்ம போன்ல அவங்கதான் ஓடுவாங்க. சக்கத்தா, சூப்பரா பேசுவாங்க சார்!"

ஆட்டோக்காரர் வரைக்கும்! கேட்ட எண்பதையும் கொடுத்துவிட்டு இறங்கினேன். ஆத்திரத்தில் பேரம் பேச மறந்துபோயிற்று.

பத்து மணி. ஒரு வீட்டு மாடிக்கூடம். நாற்காலிகள் நிரம்பிவிட்டதால் நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். என் ஊரில் நான் பேசியபோது வந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் மைக் செட்காரர்.

காயத்ரிக்கு முப்பது வயது இருக்கும். கையில் துண்டுச்சீட்டு இல்லை. "மத்தியான நேரத்துல வெயில் மேல்தண்ணிய சூடாக்கிடும். நீர்மூழ்கியத் தேடிக் கப்பல் அனுப்புற ஒலி கீழ்ப்பக்கமா வளைஞ்சு போயிடும். நீர்மூழ்கி பக்கத்துலயே இருந்தாலும் கப்பலுக்குக் கேக்காது. காலையில நல்லாக் கேட்ட கருவி மத்தியானம் கேக்கலையேன்னு மொதல்ல யாரத் திட்டினாங்க தெரியுமா? சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டான்னு கருவி முன்னாடி ஒக்காந்திருந்தவன!"

கூடமே சிரித்தது. இதே செய்தியை நானும் எழுதியிருக்கிறேன். ஒருவரும் சிரித்ததில்லை.

மேலும் சொன்னாள். செத்துப்போனதுபோல் நடிக்க நீர்மூழ்கிகள் எண்ணெயையும் பழைய துணிகளையும் குழாய் வழியே வெளியே தள்ளியதைச் சொன்னாள். சொடக்குப் போடும் இறால்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் எண்ணெய் பொரிகிற மாதிரி சத்தம் வருமாம். போரில் நீர்மூழ்கிகள் அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்தனவாம். வாரம் தவறாமல் இறால் தின்கிறவன் நான். எனக்கு இது தெரியாது. பாவி, எங்கிருந்து பிடித்தாள்?

"பொரியுற சத்தம்னதும் ஞாபகம் வருது. எதிரிக் கப்பல் மேல நிக்கறப்போ கடுகு தாளிக்கக் கூடாதுன்னு ஓர் உத்தரவு இருந்துச்சு!"

மாட்டினாள்! என் கை தானாக உயர்ந்தது. மறு கை பையில் இதழைத் தேடியது.

"ஒரே நிமிஷம் சார், முடிச்சுடறேன்," என்றாள். அவளுக்குப் பின்னால் இருந்த திரையில் என் பெயர் வந்தது. "இத வேற எந்தப் புஸ்தகத்துலயும் பாக்கல. தேடிப் பாத்துட்டேன். ஆனா எழுதினது தூத்துக்குடி அருணாசலம் சார். அவர் எழுதினா சரியாத்தான் இருக்கும். நான் இதுக்குள்ள வந்ததே அவரப் படிச்சுத்தான். எல்லாப் பதிவுலயும் கடைசியில அவருக்கு நன்றி சொல்றது உங்களுக்கே தெரியும்."

எனக்குத் தெரியாது. வயிற்றெரிச்சலில் அவளுடைய எந்தப் பதிவையும் நான் பாதிக்கு மேல் கேட்டதில்லை.

"இப்போ கேளுங்க சார்."

கை இன்னும் மேலேதான் இருந்தது. எழுந்தேன். "நான்தாம்மா அருணாசலம். அந்தக் கடுகு பொய். வேணும்னே எழுதினேன்."

அவள் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். நான் யாரென்று தெரிந்த சந்தோஷம். பொய் என்பது அப்புறம்தான் உறைத்தது. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். கூட்டம் முடிந்ததும் ஒரு நோட்டுப்புத்தகத்தோடு என்னிடம் வந்தாள். என் கட்டுரைகளிலிருந்து எடுத்த குறிப்புகள், தேதி போட்டு, பக்கம் பக்கமாக. என் கட்டுரைகளை நானே அப்படிப் பாதுகாத்ததில்லை.

"சார், வேற எதெல்லாம் பொய்?"

"அது ஒண்ணுதாம்மா. சத்தியமா."

மரியாதையாகத் தலையாட்டினாள். பிறகு பேனாவைத் திறந்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுக்கொண்டே வந்தாள்.

மாலை ஐந்து மணி. ரயிலுக்கு நேரம் கிடந்தும் நிலையத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊரில் கடல் இருக்கிறது, கப்பல் இருக்கிறது. இங்கே அந்த நோட்டுப்புத்தகம் இருக்கிறது. இப்போதும் எனக்குப் பொறாமைதான். செல்வி கூப்பிட்டாள்.

"என்னங்க, பிடிச்சீங்களா?"

"பிடிச்சாச்சு."

"என்ன கேட்டீங்க?"

"அந்தப் பிள்ளதான், வேற எதெல்லாம் பொய்யின்னு கேட்டுது."

"யாருட்ட?"

"என்ட்டதான்," என்றேன்.